பத்து வருட காருக்கு ஷோரூம் விலை கொடுக்கலாமா? எஸ்டிமேட்டுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

காலையில் சர்வீஸுக்கு விட்ட கார். மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வந்து விழுகிறது. 'ஜெனரல் சர்வீஸ்தான் சார், ஏழாயிரம் ஆகும்' என்று சொல்லி வாங்கிய கார். எஸ்டிமேட்டில் நிற்பதோ 64,000 ரூபாய். லோயர் ஆர்ம் இரண்டு, முன்பக்க ஷாக் அப்சார்பர், கிளட்ச் செட், பிரேக் டிஸ்க், இன்ஜெக்டர் க்ளீனிங், ஏசி ட்ரீட்மென்ட் என்று பட்டியல் இரண்டு பக்கம் ஓடுகிறது. கீழே 'அப்ரூவ்' என்று ஒரு பட்டன். ஐந்து நிமிடத்தில் போனும் வரும்: "சார், இப்பவே ஓகே சொன்னீங்கன்னா நாளைக்கு ஈவினிங் டெலிவரி கொடுத்துடலாம்."

எட்டு, பத்து வருடம் ஓடிய கார் வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிப்போன காட்சி. விற்றால் இரண்டரை லட்சம் தேறும் காருக்கு, அதில் கால்வாசியை ரிப்பேருக்கே கொடுப்பதா என்ற தயக்கம் ஒரு பக்கம். மறுபக்கம், எழுதியிருப்பது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சம்பந்தப்பட்ட விஷயம். குடும்பத்தோடு ஊருக்குப் போகிற கார். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு நெடுஞ்சாலையில் ஏதாவது ஆகிவிட்டால்? சர்வீஸ் அட்வைசரின் குரலில் இருக்கும் அவசரத்தைவிட, இந்தப் பயம்தான் பட்டனை அழுத்த வைக்கிறது.

இதற்கு ஊரில் தயாராக இரண்டு பதில்கள் உண்டு. 'கம்பெனியில விட்டாத்தான் நம்பிக்கை' என்பது ஒன்று. 'ஷோரூம்ல கொள்ளையடிப்பாங்க, நம்ம மெக்கானிக்கிட்ட விடு' என்பது இன்னொன்று. இரண்டுமே காரைப் பார்க்காமல் சொல்லும் பதில்கள். முடிவெடுக்க வேண்டியது எந்த இடம் என்பதை அல்ல. எஸ்டிமேட்டில் உள்ள ஒவ்வொரு வரியைப் பற்றியும்தான்.

விலை வித்தியாசம் எங்கே இருக்கிறது?

வெளியில் செய்தால் பாதி விலை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தப் பாதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.

கார் நிறுவனத்தின் பெயர் போட்ட பெட்டியில் வரும் உதிரிபாகத்தின் மேல் எம்.ஆர்.பி. அச்சிடப்பட்டிருக்கும். வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை அது. ஷோரூமில் வாங்கினாலும், சென்னை ஜி.பி. ரோட்டில் கடை வைத்திருப்பவரிடம் வாங்கினாலும் அதே பெட்டிக்கு அதே உச்ச விலைதான். கடைக்காரர் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார். ஷோரூமில் பெரும்பாலும் முழு விலையையே போடுவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. ஒரே சீராக 18 சதவீதம். அதற்கு முன்பு பல பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. ஆக, ஒரே பாகத்துக்கு இரண்டு இடத்திலும் பெரிய விலை வித்தியாசம் இருக்க வழியில்லை.

லேபரில் வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று கார் நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்த நேரத்தை மணிக்கட்டணத்தால் பெருக்கி, மேலே 18 சதவீத வரியைச் சேர்த்தால் ஷோரூம் லேபர். அதற்குள் ஏசி போட்ட காத்திருப்பு அறை, காபி மெஷின், பிரதான சாலையில் இருக்கும் கட்டடத்தின் வாடகை எல்லாம் அடக்கம். தெருமுனை மெக்கானிக்குக்கு இந்தச் செலவுகள் இல்லை. வருட வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவும் கட்டாயமில்லை. விலை குறைய அதுவும் ஒரு காரணம்.

ஆனால் நிஜமான வித்தியாசம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: எதை மாற்றுகிறார்கள், எதைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். இன்ஜெக்டர் க்ளீனிங், என்ஜின் டீகார்பனைசிங், ஏசி டிஸின்ஃபெக்டன்ட், அடிப்பக்க ஆன்டி-ரஸ்ட் கோட்டிங், பாலிஷ். இவற்றுக்குச் சில நேரம் தேவை இருக்கலாம். ஆனால் பல கார்களின் ஓனர்ஸ் மேனுவலில் உள்ள பராமரிப்பு அட்டவணையில் இவை இருக்காது. மேனுவல் தொலைந்திருந்தால் பெரும்பாலான நிறுவனங்களின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். அட்டவணையில் இல்லாத ஒரு வரி எஸ்டிமேட்டில் இருந்தால், 'இது எந்த கம்ப்ளெய்ன்ட்டுக்காக?' என்று ஒரே ஒரு கேள்வி போதும். பதிலாக வண்டியின் அறிகுறி எதையாவது சொன்னால் யோசிக்கலாம். 'எல்லாரும் போடுறாங்க சார்' என்றால் அடித்துவிடலாம்.

'அசெம்ப்ளியாத்தான் மாத்தணும் சார்'

பழைய காரின் பில்லைப் பெருக்கும் வாக்கியம் இதுதான்.

லோயர் ஆர்மை எடுத்துக்கொள்வோம். முன்சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை அது. பள்ளம் மேட்டில் ஏறும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் சந்தேகப்படுவது இதைத்தான். ஆனால் தேய்வது அந்த இரும்பு அல்ல. அதன் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும், சக்கரப் பக்கம் இருக்கும் பால் ஜாயின்ட்டும்தான் தேயும். பல கார்களில் புஷ்ஷை மட்டும் கழற்றி, பிரஸ் மெஷினில் வைத்துப் புதியதை ஏற்ற முடியும். ஊருக்கு நாலு லேத் பட்டறையாவது இதைச் செய்யும். ஷோரூமில் ஆர்மையே முழுசாக மாற்றுவார்கள்.

டைனமோ சார்ஜ் ஏறவில்லை என்றாலும் இதே கதை. பெரும்பாலும் போயிருப்பது கார்பன் பிரஷ், பேரிங் அல்லது ரெகுலேட்டர். ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அதைப் பிரித்து, போனதை மட்டும் மாற்றி, அன்றைக்கே பூட்டித் தந்துவிடுவார். ஷோரூமில் புது டைனமோ. செல்ஃப் மோட்டார், பவர் விண்டோ மோட்டார், ஏசி கம்ப்ரஸரின் கிளட்ச் பேரிங் என்று எதை எடுத்தாலும் இதே முறைதான்.

இதை ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. வாரன்டியில் இருக்கும் புதுக் காருக்கு இதுதான் சரியான வழி. வேலை சீக்கிரம் முடியும், திரும்பி வராது, செலவு நிறுவனத்தின் தலையில். உள்ளே இருக்கும் சின்னப் பாகத்துக்குப் பல நேரம் நிறுவனம் தனி பார்ட் நம்பரே கொடுப்பதில்லை. ஷோரூம் நினைத்தாலும் அதை ஆர்டர் போட முடியாது. பிரித்துச் சரிசெய்து, அது ஒரு மாதத்தில் மறுபடி போனால் வாடிக்கையாளர் சத்தம் போடுவதும் ஷோரூமில்தான். எனவே முழுசாக மாற்றுவது அவர்களுக்குப் பாதுகாப்பான வழி. சிக்கல் என்னவென்றால், புதுக் காருக்காக வகுத்த இந்த முறை பத்து வருட காருக்கும் அப்படியே வந்துவிடுகிறது. பில் மட்டும் உரிமையாளர் பெயருக்கு மாறிவிடுகிறது.

அதற்காக, பிரித்துச் சரிசெய்வதே எப்போதும் மலிவு என்று நினைத்தாலும் கையைக் கடிக்கும். கிளட்ச் நல்ல உதாரணம். 'பிளேட் மட்டும் போட்டுடலாம்ணா, காசு மிச்சம்' என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். கிளட்ச் வேலையில் பெரும் செலவே கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் லேபர்தான். பழைய பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்படியே விட்டால், ஆறு மாதத்தில் பேரிங் கத்த ஆரம்பிக்கும். மறுபடி கியர் பாக்ஸ் இறங்கும். மூன்றையும் செட்டாக மாற்றுவதுதான் இங்கே சிக்கனம். டைமிங் பெல்ட் உள்ள என்ஜின்களிலும் அப்படியே. ஹூண்டாய் ஐ10 காரின் 1.1 லிட்டர் என்ஜின் அந்த வகை. பெல்ட்டோடு டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். அங்கே மிச்சம் பிடிக்கப் போய் பெல்ட் அறுந்தால், பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினையே பிரிக்க வேண்டி வரும். லோயர் ஆர்மில்கூட பால் ஜாயின்ட் ஆடினால், அது தனியாகக் கழறாத வகையாக இருந்தால், முழு ஆர்மை மாற்றத்தான் வேண்டும். அங்கே ஷோரூம் சொல்வதே சரி.

ஒரு எஸ்டிமேட்டைப் பிரித்துப் பார்த்தால்

முதலில் சொன்ன 64,000 ரூபாயை ஒரு உதாரணமாகவே எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்கான கணக்கு. ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் தொகை மாறும். லோயர் ஆர்ம் இரண்டு 9,000. முன்பக்க ஷாக் அப்சார்பர் 11,000. கிளட்ச் செட் லேபரோடு 16,000. பிரேக் டிஸ்க், பேட் 8,500. ஜெனரல் சர்வீஸ் 7,000. க்ளீனிங், கோட்டிங் வகையறா 9,500. அலைன்மென்ட், பேலன்சிங் 3,000.

இதே காரை விவரம் தெரிந்த ஒரு மெக்கானிக் பார்க்கிறார். பால் ஜாயின்ட் இறுக்கமாக இருக்கிறது, புஷ் மட்டும் போதும்: 3,000. பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்த்தால் இன்னும் இருக்கிறது, பேட் மட்டும் மாற்றினால் போதும்: 2,500. ஒரு ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிகிறது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும் என்பதால் இரண்டையுமே மாற்றுவது: 8,500. கிளட்ச் செட் முழுசாக: 10,000. சர்வீஸ் 5,000, அலைன்மென்ட் 1,500. க்ளீனிங், கோட்டிங் எதுவும் வேண்டாம். மொத்தம் 30,500.

மிச்சம் 33,500 ரூபாய். அதில் 21,500 ரூபாய், தேவையில்லாததை மாற்றாமல் விட்டதால் வந்தது: ஆர்ம், டிஸ்க், க்ளீனிங் என்ற மூன்று வரிகள். விலை மலிவான இடம் என்பதால் மிச்சமானது 12,000தான். அதாவது, மிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடத்தை மாற்றியதால் அல்ல, கேள்வி கேட்டதால் கிடைத்தது. இதே கேள்விகளை ஷோரூமிலேயே கேட்டு, சில வரிகளை நீக்கச் சொல்லவும் முடியும். எஸ்டிமேட் என்பது பரிந்துரை. ஒட்டுமொத்தமாக 'அப்ரூவ்' செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒரே தொழிற்சாலை, இரண்டு பெட்டிகள்

கார் நிறுவனங்கள் காரின் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. இது தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமும் இல்லை. பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, செல்ஃப் மோட்டாருக்கும் டைனமோவுக்கும் லூகாஸ் டிவிஎஸ், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பாகங்களுக்கு ரானே, மீட்டர் கன்சோலுக்குக் கோவை பிரிக்கால் என்று இந்தியச் சாலைகளில் ஓடும் கார்களின் உள்ளுறுப்புகள் பலவும் இங்கிருந்து போகின்றன. பாடி, அம்பத்தூர் பக்கம் வேலைக்குப் போன ஒருவராவது பல குடும்பங்களில் இருப்பார்.

இந்த நிறுவனங்கள் கார் கம்பெனிக்குச் சப்ளை செய்வதோடு, தங்கள் சொந்தப் பெயரிலும் வெளிச் சந்தையில் விற்கின்றன. அந்தப் பெட்டியில் கார் நிறுவனத்தின் லோகோ இருக்காது. விலையும் பெரும்பாலும் குறைவு. பத்து வருட காருக்குப் பல இடங்களில் இதுதான் நடுவழி. ஒரு எச்சரிக்கை: ஒரு நிறுவனம் உங்கள் மாடலுக்குச் சப்ளை செய்கிறது என்பதாலேயே அதன் ஒவ்வொரு பாகமும் கார் கம்பெனிக்குப் போவதும் அச்சு அசல் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. கடைக்காரர் சொல்வதை மட்டும் வைத்துக்கொள்ளாமல், மாடல், வருடம், என்ஜின் வகை மூன்றுக்கும் பொருந்தும் பார்ட் நம்பரைச் சரிபார்ப்பது நல்லது.

மூன்றாவது ரகம், பெயரே இல்லாத 'லோக்கல்' சரக்கு. கதவுக் கைப்பிடி, மட்ஃபிளாப், வைப்பர் மாதிரி விஷயங்களுக்குப் பரவாயில்லை. பிரேக் பேட், ஆயில் ஃபில்டர், பால் ஜாயின்ட்டுக்கு வேண்டவே வேண்டாம். இதைவிட மோசம், பிரபல நிறுவனத்தின் பெட்டியை அப்படியே நகலெடுத்து வரும் போலி. எம்.ஆர்.பி.யில் பாதிக்குக் 'கம்பெனி பேட்' தருகிறேன் என்று யாராவது சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன் ஹோலோகிராமையும் கியூ.ஆர். கோடையும் பார்த்துவிட வேண்டும்.

புதுப்பேட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சென்னையின் அந்தச் சந்தை, நிறுத்தப்பட்ட மாடல்களின் உரிமையாளர்களுக்கு ஒரு வரம். கதவு, கண்ணாடி, ஹெட்லைட், டேஷ்போர்டு பாகங்களுக்குத் தாராளமாகப் போகலாம். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே தேடக் கூடாது. விபத்தான வண்டியிலிருந்து எடுத்த பெல்ட் எவ்வளவு இழுபட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

எதற்கெல்லாம் ஷோரூமே சரி?

வாரன்டியோ, நீட்டித்த வாரன்டியோ மிச்சமிருந்தால் யோசிக்கவே தேவையில்லை. அது போக, ஏர்பேக், ஏ.பி.எஸ். யூனிட், சாவி தொலைந்து புதிதாக இம்மொபைலைசர் கோடிங் செய்வது, என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருள், டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், ஹைபிரிட் பேட்டரி போன்றவற்றுக்கு நிறுவனத்தின் கருவியும் பயிற்சியும் வேண்டும். இதில் ஆயிரம் ரெண்டாயிரம் பார்ப்பது வீண்.

ரீகால் விஷயமும் இருக்கிறது. தயாரிப்புக் குறைக்காக நிறுவனம் திரும்ப அழைத்தால், சரிசெய்வது இலவசம். டகாட்டா ஏர்பேக் விவகாரத்தில் இந்தியாவிலும் பத்து வருடம் தாண்டிய கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஷோரூம் பக்கமே போகாமல் இருப்பவர்களுக்கு இந்தத் தகவல் வந்து சேராது; செகண்ட் ஹேண்டாக வாங்கியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நிறுவனத்தின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

இன்னொன்று, கண்டுபிடிப்பதை ஒரு இடத்திலும் சரிசெய்வதை வேறு இடத்திலும் வைத்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மீட்டரில் என்ஜின் லைட் எரிகிறது, காரணம் தெரியவில்லை என்றால், ஷோரூமில் ஸ்கேன் செய்து, ஃபால்ட் கோடுகளை எழுதி வாங்கிக்கொண்டு, அதற்கான கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வந்துவிடலாம். அவர்கள் நேரத்துக்கும் கருவிக்கும் கொடுக்கும் காசு அது, கூச்சப்பட ஒன்றுமில்லை. 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓ.பி.டி. இரண்டாம் கட்ட விதி கட்டாயம் என்பதால், நல்ல வெளி ஒர்க்‌ஷாப்புகளும் ஸ்கேனர் வைத்திருக்கின்றன. கோடு என்பது நோயின் பெயரல்ல, அறிகுறிதான். 'சென்சார் கோடு வருது, சென்சாரை மாத்திடலாம்' என்று உடனே சொல்பவரைவிட, ஒயரையும் கனெக்டரையும் பிடித்துப் பார்ப்பவரே மெக்கானிக்.

அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதை மறைக்க வேண்டியதில்லை. வேலை நாளில் பத்து மணி நேரம் ஆபீஸில் இருப்பவருக்கு, பார்ட்ஸ் கடைக்கு அலைந்து, ஒரு சனிக்கிழமை முழுக்கப் பட்டறையில் உட்காருவதும் செலவுதான். வீட்டுக்கே வந்து எடுத்துப்போகும் ஷோரூமுக்கு 3,000 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது அவருக்கு நியாயமான முடிவாக இருக்கலாம். 30,000 கூடுதல் என்றால் கதை வேறு. மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப்புகள் இந்த இடைவெளியில் வருகின்றன. அங்கேயும் தரம் கிளைக்குக் கிளை மாறும். பெயர்ப் பலகையைவிட உள்ளே வேலை செய்பவர் யார் என்பதே முக்கியம். வண்டியை ஓட்டிப் பார்க்காமலே எஸ்டிமேட் போடுகிறவர், கழற்றிய பழைய பாகத்தைக் காட்டத் தயங்குகிறவர், பில் கேட்டால் முகம் மாறுகிறவர் – இவர்களைத் தவிர்த்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பில் இல்லாத வேலைக்கு நாளை எந்த உத்தரவாதமும் கேட்க முடியாது.

ஷோரூமே இல்லாமல் போனவர்களும் உண்டு. ஷெவர்லே 2017-ல் இந்திய விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸ் தொடரும் என்று சொன்னாலும் ஊருக்கு ஊர் இருந்த சென்டர்கள் குறைந்தன. ஃபிகோவும் ஈகோஸ்போர்ட்டும் இன்னும் சாலையில் ஓடுகின்றன என்றால், அதில் வெளி மெக்கானிக்குகளின் பங்கு பெரிது.

இன்ஷூரன்ஸ் இருக்கே, எங்க செஞ்சா என்ன?

விபத்து ரிப்பேரில் பலரும் இப்படி நினைக்கிறார்கள். புதுக் காருக்குச் சரி. பழைய காருக்கு இல்லை. ஜீரோ டெப்ரிசியேஷன் வசதி பொதுவாக முதல் சில வருடங்களுக்கே கிடைக்கும். அது இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு, காரின் வயது எதுவானாலும், 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். உலோகப் பாகங்களுக்கு ஐந்து முதல் பத்து வருடம் வரை 40 சதவீதம், பத்து வருடத்துக்கு மேல் 50 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை.

பம்பர் 12,000 ரூபாய் என்றால் 6,000 உரிமையாளர் கையிலிருந்து. கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய் தனி, 1,500 சி.சி.க்கு மேற்பட்ட கார் என்றால் 2,000. சேர்த்து வைத்த நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும். ஷோரூம் பில் பெரிதாகப் பெரிதாக உரிமையாளரின் பாதியும் பெரிதாகிறது. பல இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் கேஷ்லெஸ் பட்டியலில் மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப்புகளும் இருக்கின்றன. சின்ன உரசலுக்கு, க்ளெய்ம் போடாமல் வெளியில் டிங்கரிங், பெயின்டிங் முடித்துவிடுவதே லாபமாகவும் இருக்கலாம்.

செலவு செய்வதா, வித்துடலாமா?

'கார் மதிப்பில் பாதிக்கு மேல் ரிப்பேர் வந்தால் விற்றுவிடு' என்றொரு வழக்கமான அறிவுரை உண்டு. அது அரைகுறைக் கணக்கு. ரிப்பேர் செலவை ஒப்பிட வேண்டியது பழைய காரின் விலையோடு அல்ல. அதற்குப் பதிலாக வரப்போகும் காரின் செலவோடு. 8 லட்சம் ரூபாய் கடனுக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து வருட இ.எம்.ஐ. மாதம் சுமார் 16,600 ரூபாய். 40,000 ரூபாய் ரிப்பேர் என்பது இரண்டரை மாத இ.எம்.ஐ.கூட இல்லை. அந்த ரிப்பேரால் கார் இன்னும் இரண்டு வருடம் நிம்மதியாக ஓடும் என்றால், செய்வதே புத்திசாலித்தனம்.

'என்றால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடிச்சட்டத்தில் துரு ஏறியிருந்தால், என்ஜின் ஆயில் குடித்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு வேறு இடத்தில் பிரச்சினை வந்தால், இதுவரை செலவழித்ததை நினைத்து மேலும் செலவழிக்கக் கூடாது. பதிவின் 15 வருடக் கெடு நெருங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். வயதை மட்டும் வைத்துத் தடுக்கும் விதி தமிழ்நாட்டில் இல்லை. தகுதிச் சான்றுடன் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். ஆனால் கட்டணமும் பசுமை வரியும் சேரும். 14 வருட காருக்குப் புது கிளட்ச் போடும் முன் இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட வேண்டும்.

தேர்வு நம் கையில் இருக்கிறதா?

இதுவரை சொன்னதெல்லாம், வெளி மெக்கானிக்குக்குப் பாகமும் தகவலும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கைக்கே ஒரு வழக்கு தேவைப்பட்டது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களையும், பழுதுபார்க்கும் கருவிகளையும், தொழில்நுட்பத் தகவலையும் வெளிச் சந்தைக்குக் கொடுக்காமல் அடைத்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் ரிப்பேர் செய்தாலே வாரன்டி போய்விடும் என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, அந்த ரிப்பேரால் வந்த பாதிப்புக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதக் கணக்கைக் குறைத்தாலும், தவறு நடந்தது என்பதை மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு, 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. நிறுவனங்கள் தங்கள் மேனுவலையும் உதிரிபாகத் தகவலையும் அங்கே பகிர வேண்டும் என்பது நோக்கம். நல்ல தொடக்கம்தான். ஆனால் தகவலைக் கொடுக்கத் தவறினால் இன்ன தண்டனை என்று சொல்லும் தனிச் சட்டம் இல்லாமல், ஒரு இணையதளம் எவ்வளவு தூரம் இழுக்கும்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கார் ரிப்பேர் உரிமை 2012-லேயே மக்கள் வாக்கெடுப்பின் மூலம் சட்டமானது. இங்கே கார்கள் வருடத்துக்கு வருடம் மென்பொருளாக மாறிக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கு லேத் பட்டறையில் புஷ் ஏற்ற முடிகிறது. நாளை கழற்றிய பாகத்தைத் திரும்பப் பூட்டவே நிறுவனத்தின் லேப்டாப் வேண்டும் என்றாகிவிட்டால், 'வெளியில் பார்த்துக்கலாம்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் இருக்காது. அரசு அவசரப்பட வேண்டிய இடம் இதுதான்.

சட்டம் வரும் வரை இருக்கும் வழிகளும் சும்மா இல்லை. மாற்றியதாகச் சொல்லும் ஒவ்வொரு பழைய பாகத்தையும் காட்டச் சொல்லலாம். பணம் கட்டி மாற்றியது என்றால் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். ஒப்புதல் தராத வேலைக்கு பில் வந்தால், செய்யாத வேலைக்குக் காசு வாங்கினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதில் தீராவிட்டால் 'இ-ஜாக்ரிதி' தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வாட்ஸ்அப்பில் வந்த எஸ்டிமேட், அனுப்பிய பதில், இறுதி பில் மூன்றையும் அழிக்காமல் வைத்திருந்தால் போதும். பெரும்பாலான வழக்குகளில் அவைதான் சாட்சி.